பைத்தான் 2-ல எழுதின புரோகிராமை பைத்தான் 3-க்கு மாத்துறது எப்படி

பைத்தான் 2-க்கு 2020 ஜனவரி 1-ஓட சப்போர்ட் முடிஞ்சிடுச்சு, அந்த வருஷம் ஏப்ரல்ல வந்த 2.7.18 தான் கடைசி, ஆனா பில் போடுற ஸ்கிரிப்ட், ரிப்போர்ட் எடுக்குற ஸ்கிரிப்ட்னு இன்னும் எத்தனையோ எடத்துல பழசு தான் ஓடிட்டு இருக்கு. மாத்தணும்னு உக்காந்தா மொதல்ல கோடுல கை வைக்காதீங்க. பழைய பைத்தான்லயே நிஜ டேட்டா குடுத்து ஓட்டி, வர்ற அவுட்புட்டை ஒரு ஃபைல்ல எடுத்து வைங்க, பின்னாடி எது சரி எது தப்புன்னு சொல்ல அது ஒண்ணு தான் சாட்சி.

அப்புறம் 2.7-லயே மைனஸ் 3 (-3) ஆப்ஷன் போட்டு ஒரு தடவ ஓட்டுங்க, எங்கெல்லாம் உதைக்கும்னு வார்னிங் வரும். பிரின்ட்டுக்கு அடைப்புக்குறி போடுறது, ஹேஸ்-கீ (has_key) மாதிரி போயிட்ட ஃபங்ஷனை மாத்துறது எல்லாம் பைத்தானோட வந்த டூ-டு-த்ரீ (2to3) டூலே பாத்துக்கும். ஆனா 3.13-ல அந்த டூலை எடுத்துட்டாங்க, அதனால 3.12 இல்ல அதுக்கு முந்தினது ஒண்ணு இன்ஸ்டால் பண்ணிக்கோங்க. ஓட்டுறதுக்கு முன்னாடி கிட்ல (Git, கோடோட ஒவ்வொரு வெர்ஷனையும் சேத்து வைக்கிற டூல்) கமிட் பண்ணிடுங்க.

எரர் அடிச்சு நிக்கிற கோடு பத்தி கவலையே வேணாம், லைன் நம்பரோட அதுவே சொல்லிடும். சத்தமே இல்லாம வேற விடை குடுக்குறது தான் ஆபத்து. 7-ஐ 2-ஆல வகுத்தா பழசுல 3, புதுசுல 3.5, பழைய விடையே வேணும்னா ரெண்டு ஸ்லாஷ் (//) போடணும். ரவுண்ட் (round) ஃபங்ஷனுக்கு 2.5 குடுத்தா பழசுல 3 வரும், இப்போ 2 வரும், ஏன்னா சரிபாதில நின்னா பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போகுது. காசு கணக்குன்னா இத கண்டிப்பா பாருங்க.

தமிழ் டேட்டா இருந்தா இன்னும் கவனமா இருக்கணும். யூடிஎஃப்-8-ல (எழுத்தை பைட்டா சேமிக்கிற ஒரு முறை, அதாவது ஒரு என்கோடிங்) இருக்குற "தமிழ்"ங்கிற சொல்லோட நீளத்த சாதாரண ஸ்டிரிங்கா கேட்டா பழசு 15-னு சொல்லும், அது பைட் கணக்கு, புதுசு 5-னு சொல்லும், அது குறியீட்டுக் கணக்கு, இகரக் கொக்கியும் புள்ளியும் தனித்தனியா சேரும். பேருக்கு 30 எடம்னு வெட்டி வச்சிருந்தா பழசுல 10 குறியீடு தான் நின்னுச்சு, இப்போ 30-ம் நிக்கும், பில்லுல பக்கத்து காலம் (column) தள்ளிப் போயிடும். ஃபைல் ஓபன் பண்றப்போ என்கோடிங் யூடிஎஃப்-8-னு நீங்களே எழுதிடுங்க, விண்டோஸ்ல அது இல்லாம விட்டா வேற என்கோடிங்ல படிச்சு எழுத்தெல்லாம் கொழம்பிடும்.

எல்லாம் முடிஞ்சதும் எடுத்து வச்ச அவுட்புட்டோட புது அவுட்புட்டை டிஃப் (ரெண்டு ஃபைலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டுற டூல்) போட்டுப் பாருங்க, வித்தியாசம் வர்ற ஒவ்வொரு வரிக்கும் காரணம் தெரிஞ்ச அப்புறம் தான் பழசை நிறுத்தணும்.