பிள்ளையளுக்கு முதல்ல எந்த லாங்குவேஜ் படிப்பிக்கிறது?

திருகோணமலை உப்புவெளிப் பக்கம் வீட்டு விறாந்தையில நாலஞ்சு பிள்ளையள வச்சு கோடிங் சொல்லிக்குடுக்கப் போறீங்களெண்டா, "எது பெஸ்ட் லாங்குவேஜ்" எண்டு யூடியூப்ல தேடிக்கொண்டிருக்காம முதல்ல ரெண்டு விசயம் கேளுங்கோ, பிள்ளை எத்தினையாம் வகுப்பு, வீட்டில கம்ப்யூட்டர் இருக்கா இல்ல அம்மாட போன் மட்டும்தானா.

பத்து வயசுக்குக் கீழ எண்டா யோசிக்காம ஸ்க்ராட்ச். 2007ல எம்ஐடி வெளியிட்டது, ப்ளொக்க இழுத்துப் பொருத்தினா பூனை ஓடும், டைப் பண்ணத் தெரிய வேணாம்.

அதுக்கு மேல எண்டா நான் பைத்தான்தான் சொல்லுவன். ஜாவா எண்ட லாங்குவேஜில, 25ஆம் வேர்ஷனுக்கு முந்தினதெண்டா, ஒரு வரி பிரிண்ட் பண்ணவே க்ளாஸ், பப்ளிக், ஸ்டாட்டிக் எண்டு விளங்காத சொல்லெல்லாம் எழுத வேணும், "அது பிறகு விளங்கும்" எண்டு நீங்க நாலு தரம் சொன்னா பிள்ளை மனப்பாடம் பண்ணத் தொடங்கிடும் (எங்கட பிள்ளையளுக்கு அது நல்லா வரும், அதுதான் பிரச்சினை). பைத்தான் 3ல வேரியபிள் (ஒரு பெறுமதியப் போட்டு வைக்கிற பெட்டி மாதிரி) பேர தமிழிலயே வைக்கலாம், விலை = 1500 எண்டு எழுதினா வேலை செய்யும்.

முதல் நாளே மீன் கணக்கு ஒண்டு குடுங்கோ. பாரை கிலோ விலைய இன்புட்டில (கீபோர்ட்ல அடிக்கிறத வாங்கிற கட்டளை, input()) வாங்கி ரெண்டால பெருக்கச் சொல்லுங்கோ, 1500 அடிச்சா 3000 வராது, 15001500 எண்டு வரும், எல்லாரும் சிரிப்பாங்கள். இன்புட் தாறது நம்பர் இல்ல எழுத்து, அத இன்ட்டுக்குள்ள, int() எண்ட கட்டளைக்குள்ள, போட்டு நம்பரா மாத்த வேணும் எண்டு அந்த நேரம் சொன்னா பிறகு மறக்காது. இதுக்கு தொன்னி எண்ட எடிட்டர் நல்லம், ஃப்ரீ, வேரியபிளுக்குள்ள என்ன கிடக்கெண்டு பக்கத்தில காட்டும், கோட வரி வரியா ஓட்டியும் பாக்கலாம்.

போன் மட்டும் எண்டா பைட்ராய்ட் 3 (அன்ட்ரொயிட் போன்ல பைத்தான் எழுதுற ஆப்) போடுங்கோ, ஆனா சின்னக் கீபோர்ட்ல வரி தொடக்கத்தில விடுற ஸ்பேஸ் பிழைச்சா இன்டென்டேஷன் எரர் வந்துகொண்டேயிருக்கும், அதால பத்து வரிக்கு மேல எழுத விடாதீங்கோ.

"ஓ/எல் (பதினோராம் வகுப்புச் சோதினை) ஐசிடி புத்தகத்தில பாஸ்கல் லாங்குவேஜ்தானே இருக்கு" எண்டு தாய் தகப்பன் கட்டாயம் கேப்பினம். பாஸ்கலும் படிப்பிக்கவெண்டே 1970ல நிக்லாஸ் வீர்த் செய்ததுதான், குறை சொல்ல ஒண்டுமில்ல. பதினோராம் வகுப்பில இருக்கிற பிள்ளையெண்டா அதிலயே தொடங்குங்கோ, எல்ஸ் (else) எண்ட சொல்லுக்கு முன்னால செமிகோலன் (;) போடக்கூடாதெண்டத மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கோ. ஏ/எல் ஐசிடி எடுத்தா பைத்தான் எப்பிடியும் வரும்.