தி ஸ்மித்ஸ் குழுவின் ஒலிப்பதிவுகள்: புதிதாகக் கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1982இல் உருவாகி 1987இல் கலைந்த ராக் இசைக்குழுவான தி ஸ்மித்ஸ் வெளியிட்ட ஸ்டுடியோ ஆல்பங்கள் நான்குதான். 'தி ஸ்மித்ஸ்' (1984), 'மீட் இஸ் மர்டர்' (1985), 'தி குயீன் இஸ் டெட்' (1986), 'ஸ்ட்ரேஞ்ச்வேஸ், ஹியர் வி கம்' (1987) ஆகிய அந்த நான்கையும் வரிசையாகக் கேட்டுவிட்டால் குழுவை முழுமையாக அறிந்துவிடலாம் என்று கருதுவதே புதியவர்கள் செய்யும் முதல் தவறு. மிகப் பெரிய தவறும் அதுவே. பாடகர் மோரிஸியும் கிட்டார் கலைஞர் ஜானி மாரும் சிங்கிளை (முன்பக்கத்தில் முதன்மைப் பாடலும் பின்பக்கத்தில் வேறு பாடலும் கொண்டு தனியாக வெளியாகும் சிறு இசைத்தட்டை) ஆல்பத்துக்கான விளம்பரமாகப் பார்க்காமல் தனிப் படைப்பாகவே மதித்தனர். 'ஹெவன் நோஸ் ஐம் மிசரபிள் நவ்', 'பேனிக்', 'ஆஸ்க்' முதலிய புகழ்பெற்ற சிங்கிள்களுக்கு எந்த ஸ்டுடியோ ஆல்பத்திலும் இடமில்லை என்பது இதற்குப் போதிய சான்று.

சிங்கிளின் பின்பக்கப் பாடல்களை மிச்சம் மீதி என்று ஒதுக்குவது இதனோடு சேர்ந்தே வரும் பிழை. 1984 ஆகஸ்டில் வெளியான 'வில்லியம், இட் வாஸ் ரியலி நத்திங்' சிங்கிளின் பின்பக்கத்தில் 'ப்ளீஸ், ப்ளீஸ், ப்ளீஸ், லெட் மீ கெட் வாட் ஐ வாண்ட்' இருந்தது. அதன் 12 அங்குல இசைத்தட்டில் கூடுதலாக 'ஹவ் சூன் இஸ் நவ்?' சேர்க்கப்பட்டது. அலையலையாக அதிரும் கிட்டார் ஒலியோடு ஆறு நிமிடங்களைத் தாண்டி நீளும் அந்தப் பாடல் இன்று குழுவின் அடையாளமாகவே கருதப்படுகிறது. ஒரே இசைத்தட்டின் பின்பக்கத்தில் இத்தகைய இரண்டு பாடல்களை வைக்கத் துணிந்த குழுக்கள் மிகச் சிலவே என்பது என் உறுதியான கருத்து. 'ஹவ் சூன் இஸ் நவ்?' 1985இன் தொடக்கத்தில்தான் தனி சிங்கிளாக வந்தது. பிரிட்டனில் வெளியான மூல 'மீட் இஸ் மர்டர்' தட்டில் அது இல்லை; அமெரிக்கப் பதிப்பில் சேர்க்கப்பட்டது. அமெரிக்கப் பதிப்பையோ பிற்கால மறுவெளியீட்டையோ பார்த்துவிட்டு அதை அந்த ஆல்பத்துக்காகவே உருவான பாடல் என்று எழுதுவது இன்றும் தொடர்கிறது.

தொகுப்பு ஆல்பம் என்றாலே பழைய பாடல்களின் மறுவிற்பனை என்ற எண்ணம் பொதுவாகச் சரியாக இருக்கலாம். இந்தக் குழுவின் விஷயத்தில் அது பொருந்தாது. 1984 நவம்பரில் வந்த 'ஹேட்ஃபுல் ஆஃப் ஹாலோ', சிங்கிள்களையும் பின்பக்கப் பாடல்களையும் மட்டுமின்றி, பிபிசி வானொலித் தொகுப்பாளர்களான ஜான் பீல், டேவிட் ஜென்சன் ஆகியோரின் நிகழ்ச்சிகளுக்காகப் பதிவு செய்யப்பட்டவற்றையும் கொண்டது. முதல் ஆல்பத்தின் பதிவு எளிதாக அமையவில்லை. தயாரிப்பாளர் டிராய் டேட்டுடன் 1983இல் முடித்த பதிவு கைவிடப்பட்டு, ஜான் போர்ட்டரின் தயாரிப்பில் மீண்டும் பதிவு செய்யப்பட்டது. அந்த ஆல்பத்தின் ஒலி மந்தமாக இருக்கிறது என்று சொல்லிக் குழுவையே கைவிடுபவர்கள், 'ஸ்டில் இல்', 'ரீல் அரவுண்ட் தி ஃபவுண்டன்' ஆகிய பாடல்களின் வானொலிப் பதிவுகளைக் கேட்ட பிறகு முடிவெடுக்கலாம். வேகமும் நெருக்கமும் அவற்றில்தான் கூடிவந்திருக்கின்றன.

இங்கே கவனமாக இருக்க வேண்டிய ஒன்று உண்டு. பாடலின் பெயர் ஒன்றாக இருப்பதால் பதிவும் ஒன்றே என்று எண்ணிவிடக் கூடாது. 'ஹேட்ஃபுல்' தொகுப்பில் உள்ள 'திஸ் சார்மிங் மேன்', சிங்கிளாக வெற்றி பெற்ற பதிவு அல்ல, 1983 செப்டம்பரில் ஜான் பீல் நிகழ்ச்சிக்காகப் பதிவானது. மாறாக, 'ஹேண்ட் இன் க்ளவ்' பாடலின் மூல சிங்கிள் வடிவம் அதே தொகுப்பில்தான் இருக்கிறது. முதல் ஆல்பத்தில் இடம்பெற்றது போர்ட்டர் ஒலிக்கலவையை மாற்றியமைத்த (ரீமிக்ஸ்) வடிவம்.

1987இல் அடுத்தடுத்து வந்த இரு தொகுப்புகளையும் பலர் குழப்பிக்கொள்கின்றனர். பிப்ரவரியில் வந்த 'தி வேர்ல்ட் வோண்ட் லிசன்' பிரிட்டனுக்கானது. மார்ச்சில் வந்த, 24 பாடல்கள் கொண்ட 'லவுடர் தேன் பாம்ப்ஸ்' அமெரிக்காவுக்காகத் தயாரானது. இரண்டில் ஒன்றை மட்டும் வாங்குவதாயின் இரண்டாவதே அதிக இடைவெளிகளை நிரப்பும். ஆனால் 'ஹவ் சூன் இஸ் நவ்?' அதில் இல்லையாதலால் 'ஹேட்ஃபுல்' தொகுப்பைத் தவிர்க்க முடியாது.

தரவரிசை எண்களைக் கொண்டு அக்காலத்துச் செல்வாக்கை அளப்பவர்களும் சறுக்குகின்றனர். 'திஸ் சார்மிங் மேன்' பிரிட்டிஷ் பட்டியலில் 8ஆம் இடம் பிடித்தது 1992இன் மறுவெளியீட்டில்தான். 1983இல் அது 25ஆம் இடத்தோடு நின்றது.

'ரேங்க்' என்ற நேரடி நிகழ்ச்சி ஆல்பம் 1988இல் வந்ததால், அது குழுவின் கடைசி மேடையைப் பதிவு செய்கிறது என்று கொள்வதும் பிழை. அது 1986 அக்டோபரில் லண்டன் கில்பர்னில் பதிவானது. கடைசி நிகழ்ச்சி அதே ஆண்டு டிசம்பரில் பிரிக்ஸ்டனில் நடந்தது.

இறுதியாக, 'ஸ்ட்ரேஞ்ச்வேஸ்' ஆல்பத்தைப் பிரிவின் ஓலமாகக் கேட்கும் வழக்கம். 1987 செப்டம்பரில் அது வெளியானபோது ஜானி மார் குழுவில் இல்லை என்பது உண்மையே. ஆயினும், அவர் விலகுவதற்கு முன்பே, அந்த ஆண்டின் வசந்த காலத்தில் அது பதிவு செய்யப்பட்டுவிட்டது. மோரிஸி, மார் இருவருமே அதைத் தங்கள் ஆல்பங்களில் மிகச் சிறந்ததாகச் சொல்லியிருக்கின்றனர். சோர்ந்துபோனவர்களின் வேலையாக அதைக் கேட்பவர்கள், பியானோவையும் பிற ஒலிகளையும் நாடிச் சென்ற மாரின் தேடலைத் தவறவிடுகின்றனர். மேலும், குழுவின் கடைசிப் பதிவும் அதில் இல்லை. ஆல்பம் முடிந்த பின் 1987 மே மாதத்தில் பதிவான 'ஐ கீப் மைன் ஹிடன்', 'கேர்ள்ஃப்ரெண்ட் இன் எ கோமா' சிங்கிளின் பின்பக்கத்தில் வந்தது.