ஸ்பானிய எண்களைத் தமிழ் வழியாகவே கற்கலாம்

ஸ்பானிய எண்களைக் கற்கும்போது ஆங்கிலத்தை நடுவில் நிறுத்திக்கொள்வது பல இடங்களில் சுற்றுவழியாகவே முடிகிறது. அம்மொழி எண்களை அடுக்கும் முறை தமிழ் முறைக்கு வியக்கத்தக்க அளவு நெருக்கமானது என்பதால், தமிழிலிருந்து நேரே செல்வதே எளிது என்பது என் கருத்து.

முதல் பதினைந்து சொற்களை மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும்: உனோ, தோஸ், த்ரெஸ், குவாத்ரோ, ஸின்கோ, ஸெய்ஸ், ஸியெதே, ஓச்சோ, நுவெவே, தியெஸ், பிறகு ஓன்ஸே, தோஸே, த்ரேஸே, கதோர்ஸே, கின்ஸே. பதினாறு முதல் கூட்டுச்சொற்கள் தொடங்குகின்றன. ‘தியெஸ் இ ஸெய்ஸ்’, அதாவது பத்தும் ஆறும், ஒன்றாக ஒட்டித் ‘தியெஸிஸெய்ஸ்’ ஆகிறது. இருபது ‘வெய்ன்தே’, இருபத்தொன்பது வரை இதே போல ஒரே சொல்லாக எழுத வேண்டும். முப்பதுக்கு மேல் ‘த்ரெய்ன்தா இ தோஸ்’ என மூன்று சொற்களாகப் பிரித்து எழுதுவதே வழக்கம்.

பத்துகளில் காதை ஏமாற்றுவது ஒரே ஓர் இணைதான்: அறுபது ‘ஸெஸென்தா’, எழுபது ‘ஸெதென்தா’. நடுவில் வரும் மெய்யொலி ஒன்றே இவற்றைப் பிரிக்கிறது. ஸெய்ஸ் என்பதன் இறுதி ‘ஸ்’ அறுபதிலும், ஸியெதே என்பதன் ‘த’ எழுபதிலும் ஒலிப்பதை நினைவில் வைத்து, இரண்டையும் மாற்றி மாற்றி உரக்கச் சொல்லிப் பழகுங்கள்.

நூறு தனித்து நிற்கும்போது நூறாகவும், பின்னால் சிறிய எண் வரும்போது ‘நூற்று’ எனவும் தமிழில் மாறுகிறதல்லவா? ஸ்பானியத்திலும் அப்படியே: நூறு ‘ஸியென்’, நூற்றைந்து ‘ஸியென்தோ ஸின்கோ’. இங்கே இடையில் ‘இ’ வராது. ஆங்கிலப் பழக்கத்தால் அதைச் செருகுவது பிழை. அந்த ‘இ’ பத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் மட்டுமே வரும். நூறுகளில் கினியென்தோஸ் (500), ஸெதெஸியென்தோஸ் (700), நொவெஸியென்தோஸ் (900) ஆகிய மூன்றும், எண்ணோடு ‘ஸியென்தோஸ்’ சேரும் விதியிலிருந்து விலகுபவை. தமிழின் தொள்ளாயிரமும் அப்படி விலகி நிற்பதுதான்.

ஆயிரம் ‘மில்’, அதற்கு முன் ‘ஒரு’ தேவையில்லை. 1987 என்ற ஆண்டை ‘மில் நொவெஸியென்தோஸ் ஓச்சென்தா இ ஸியெதே’ என்கிறார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு என்று நாம் சொல்லும் அதே வரிசை இது. ஆகவே தெரிந்த ஆண்டுகளையெல்லாம் முதலில் தமிழில் முழுமையாகச் சொல்லி, உடனே ஸ்பானியத்தில் சொல்வதைவிடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

தமிழ் கைகொடுக்காத இடம் சொற்பாலினம். நமக்கு உயிரற்ற பொருள்கள் அஃறிணை. ஸ்பானியத்திலோ புத்தகம் ஆண்பால், மேசை பெண்பால். ஆகவே 200 புத்தகங்கள் ‘தோஸியென்தோஸ் லிப்ரோஸ்’, 200 மேசைகள் ‘தோஸியென்தாஸ் மெஸாஸ்’. ‘உனோ’வில் முடியும் எண்களும் இப்படி மாறும்: ‘வெய்ன்தியுன் லிப்ரோஸ்’, ‘வெய்ன்தியுனா மெஸாஸ்’. நூறுகளில் ஸியென் மட்டும் பாலுக்கேற்ப மாறாது.

லட்சத்துக்கும் கோடிக்கும் ஸ்பானியத்தில் தனிச்சொல் இல்லை. லட்சத்தை நூறாயிரம் என்று எண்ணினால் ‘ஸியென் மில்’ தானே கிடைத்துவிடும்; கோடி ‘தியெஸ் மில்யோனெஸ்’, அதாவது பத்து மில்லியன். மில்லியனுக்குப் பின் நேரடியாகப் பெயர்ச்சொல் வந்தால் ‘தெ’ சேர்க்க வேண்டும்: ‘உன் மில்யோன் தெ லிப்ரோஸ்’. அதற்கும் மேலே செல்லும்போது மிகுந்த கவனம் தேவை. ஸ்பானிய ‘பில்யோன்’ ஆங்கில பில்லியன் அன்று. அது லட்சம் கோடி. நூறு கோடியை ‘மில் மில்யோனெஸ்’ என்று சொல்வதே வழக்கம்.

எழுதும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஸ்பெயினில் மூன்றரையை 3,5 என்று காற்புள்ளியிட்டு எழுதுவார்கள், மெக்சிகோவில் 3.5 என்பதே வழக்கம். ஆகவே அச்சிட்ட எண்ணைப் படிக்குமுன் அது எந்த நாட்டில் எழுதப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.