சிஓ2 லேசர் எந்திரத்தில் ஆட்டோஃபோக்கஸ் சொதப்பினால் எங்கிருந்து தேடத் தொடங்குவது?

லென்ஸிலிருந்து பொருள் சரியான தூரத்தில் நிற்கும்படி எந்திரமே உயரத்தை அமைப்பதுதான் ஆட்டோஃபோக்கஸ். பேனலில் அதைக் கொடுத்ததும் பெட் (பொருளை வைக்கும் மேடை) மேலே ஏறுகிறது. லேசர் ஹெட்டின் பக்கவாட்டில் பேனா மாதிரி ஒரு சென்சார் இருக்கும். அதன் முனையைப் பலகை தொட்டு மேலே தள்ளியதும் சிக்னல் போகிறது, பெட் நிற்கிறது. பிறகு கன்ட்ரோலரில் (எந்திரத்தை இயக்கும் மின்னணுப் பெட்டி) பதிந்துள்ள தூரத்துக்குக் கீழே இறங்குகிறது. ரூயிடா நிறுவனத்தின் கன்ட்ரோலரும் தொடும் பேனாவும் உள்ள எந்திரங்களில் வேலை இவ்வளவுதான். உள்ளே எந்த லென்ஸ் இருக்கிறது, மேலே கிடப்பது மரமா தோலா என்பதெல்லாம் எந்திரத்துக்குத் தெரியாது. ஆகவே கோளாறு வந்தால் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: தொடுவதில் சிக்கலா, இறங்குவதில் சிக்கலா? இதைப் பிரிக்காமல் செட்டிங்கில் கை வைக்காதீர்கள். பேனா அழுக்காக இருப்பதற்காக ஃபோக்கஸ் தூரத்தை மாற்றினால், பேனாவைச் சுத்தம் செய்த பிறகு இன்னொரு கோளாறு வந்து நிற்கும்.

கையில் வேண்டியவை: மல்டிமீட்டர், வெர்னியர், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பஞ்சுக் குச்சி, 3 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) துண்டு இரண்டு.

படி 1: விரலால் அழுத்திப் பாருங்கள்

பெட்டை நன்றாகக் கீழே இறக்குங்கள். பேனலின் மெனுவில் டயக்னோசஸ் என்ற பக்கத்தைத் திறங்கள். எந்த லிமிட் சுவிட்ச் இப்போது அழுந்தியிருக்கிறது என்பதை அது சிறு கட்டங்களாகக் காட்டும். பேனா முனையை விரலால் மேலே தள்ளினால் இசட் (மேல்-கீழ் அச்சு) லிமிட் கட்டம் பச்சையாக வேண்டும்; விட்டதும் பழையபடி மாற வேண்டும்.

மாறினால் வயரும் சென்சாரும் நலம். அடுத்து, ஒரு கையை எமர்ஜென்சி சுவிட்சின் மேல் வைத்துக்கொண்டு ஆட்டோஃபோக்கஸ் கொடுங்கள். பெட் பாதி ஏறும்போது ஒரு நீண்ட குச்சியால் முனையை மேலே தள்ளுங்கள். பெட் அங்கேயே நின்று இறங்கத் தொடங்க வேண்டும். ஏறுவதற்குப் பதில் பெட் கீழ்நோக்கி ஓடினால் இசட் அச்சின் திசை அமைப்பு தலைகீழாக இருக்கிறது. கன்ட்ரோலரையோ மோட்டார் டிரைவரையோ மாற்றிய பிறகு இது அடிக்கடி வரும்.

இரண்டு சோதனையும் சரியென்றால் நேராகப் படி 3-க்குப் போகலாம்.

படி 2: கட்டம் மாறவே இல்லை, அல்லது எப்போதும் பச்சை

முதல் சந்தேகம் முனை மேல்தான். எம்டிஎஃப் வெட்டும்போது எழும் பிசின் புகை பேனாவின் தண்டில் படிந்து பழுப்பு நிறப் பசையாக இறுகிவிடும். தண்டு உள்ளே போனால் திரும்பி வராது, அல்லது மெதுவாக வரும். பவரை அணைத்து, ஆல்கஹால் நனைத்த பஞ்சால் தண்டைத் துடைத்து, இருபது முப்பது முறை அழுத்தி அழுத்தி விடுங்கள். எண்ணெய் போடாதீர்கள், கரி அதில் வந்து ஒட்டிக்கொள்ளும், ஒரே வாரத்தில் முன்பைவிட மோசமாக இறுகும்.

அடுத்தது வயர். ஹெட்டுக்கு வரும் வயர் டிராக் செயினுக்குள் நாள் முழுக்க மடங்கி நிமிர்கிறது. மேலுறை நன்றாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். எந்திரத்தை அணைத்து, இரு முனைகளையும் கழற்றி, மல்டிமீட்டரை கன்டினியுட்டி நிலையில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும்) வைத்து, ஹெட்டைக் கையால் மூலைக்கு மூலை நகர்த்துங்கள். பீப் ஒலி எங்கே விட்டுவிட்டு வருகிறதோ, அந்த வளைவில்தான் வயர் அறுந்திருக்கிறது. "சில சமயம் வேலை செய்கிறது, சில சமயம் இல்லை" என்ற புகாருக்கு இதுவே வழக்கமான காரணம்.

வயரும் சரியென்றால் சென்சார். மூன்று வயர் சென்சாரில் பிரவுன் பிளஸ், நீலம் மைனஸ், கறுப்பு சிக்னல். நார்மலி ஓப்பன் என்பிஎன் வகையை (அழுத்தும்போது மட்டும் சிக்னல் வயரை மைனஸோடு இணைப்பது) கன்ட்ரோலரோடு இணைத்து, பவர் போட்டு அளந்தால், முனையை அழுத்தும்போது கறுப்புக்கும் நீலத்துக்கும் இடையில் வோல்டேஜ் பூஜ்யத்துக்கு அருகில் விழும். விழாவிட்டால் சென்சாரை மாற்றுங்கள். வாங்கும்போது அதே வகைதானா என்று பாருங்கள், பிளஸோடு இணைக்கும் பிஎன்பி வகையை வாங்கிவிட்டால் வேலை செய்யாது. இந்த அளவீட்டை ஹெட் பக்கத்திலும் கன்ட்ரோலர் முனையிலும் மட்டும் செய்யுங்கள். லேசர் குழாய் இருக்கும் பின்பகுதியையும் அதன் பவர் சப்ளையையும் தொடாதீர்கள். அங்கே பல ஆயிரம் வோல்ட் இருக்கிறது.

படி 3: முனை எதன்மேல் இறங்குகிறது?

சென்சார் நன்றாக இருந்தும் பெட் நிற்காமல் ஏறி நாஸிலில் (ஹெட்டின் அடியில் கதிர் வெளிவரும் கூம்பு) இடித்தால், முனைக்கு நேர் கீழே பொருள் இல்லை என்று அர்த்தம். பேனா நாஸிலுக்கு நேராக இல்லை, தள்ளி இருக்கிறது. நாஸிலுக்குக் கீழே பலகை இருக்கும். முனையோ பலகையின் ஓரத்தைத் தாண்டி, தேன்கூடு பெட்டின் துளைக்குள் போகும். சிறிய பொருளென்றால் எப்போதும் முனையைப் பார்த்துத்தான் ஹெட்டை நிறுத்த வேண்டும், நாஸிலைப் பார்த்து அல்ல.

துணி, ஃபோம், மெல்லிய தோல் போன்றவை முனைக்கு முன்னால் தாங்களே அமுங்கிவிடும். அவற்றின்மேல் 3 மி.மீ. எம்டிஎஃப் துண்டை வைத்து ஃபோக்கஸ் செய்து, துண்டை எடுத்துவிட்டு, பெட்டைச் சரியாக 3 மி.மீ. மேலே ஏற்றுங்கள்.

படி 4: சரியாகத் தொடுகிறது, ஆனாலும் கோடு தடிமன்

லென்ஸைப் பாருங்கள். சாதாரண லென்ஸின் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் புடைப்பு. புடைத்த பக்கம் மேலே, கதிர் வரும் திசையை நோக்கி இருக்க வேண்டும். சுத்தம் செய்துவிட்டுத் தலைகீழாக மாட்டுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. 50.8 மி.மீ. குவியத் தூரமுள்ள லென்ஸ் இருந்த இடத்தில் 63.5 மாட்டியிருந்தாலும் பழைய தூரம் பொருந்தாது.

லென்ஸ் சரியென்றால் சாய்வுச் சோதனை செய்யுங்கள். 200 மி.மீ. நீள எம்டிஎஃப் துண்டைத் தட்டையாக வைத்து ஆட்டோஃபோக்கஸ் கொடுங்கள். பெட்டை 4 மி.மீ. கீழே இறக்குங்கள். இப்போது துண்டின் ஒரு முனைக்கு அடியில் 8 மி.மீ. உயரக் கட்டை வையுங்கள். நடுப்பகுதி எந்திரம் நினைக்கும் ஃபோக்கஸ் உயரத்தில் இருக்கும். இரு முனைகளும் 4 மி.மீ. மேலும் கீழும். ஹெட்டை உயர்ந்த முனைவரை நகர்த்தி நாஸில் இடிக்கவில்லை என்று உறுதி செய்த பிறகே லேசரைப் போடுங்கள். 60 வாட் குழாயென்றால் நொடிக்கு 100 மி.மீ., பவர் 15% வைத்து, நீளவாக்கில் ஒரே கோடு.

கோடு இரு பக்கமும் பழுப்பாக அகன்றும், ஓரிடத்தில் மயிரிழை போலக் கறுத்தும் இருக்கும். அந்த மெல்லிய பகுதியின் நடுவைக் குறியுங்கள். துண்டின் நடுவிலிருந்து 25 மி.மீ. நகர்ந்தால் உயரத்தில் 1 மி.மீ. பிழை. குறி உயர்ந்த பக்கம் 50 மி.மீ. தள்ளி இருந்தால், பெட் 2 மி.மீ. அதிகமாக இறங்குகிறது, லைட்பர்ன் அல்லது ஆர்டிவொர்க்ஸ் மென்பொருளில் எந்திர அமைப்பைத் திறந்து ஃபோக்கஸ் தூரத்தில் 2 குறையுங்கள். தாழ்ந்த பக்கம் இருந்தால் கூட்டுங்கள். மாற்றும் முன் பழைய எண்ணை எழுதி வைத்துவிட்டு, பிறகு சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

குறி நடுவுக்கு வந்ததும் தட்டையான துண்டை ஃபோக்கஸ் செய்து, நாஸிலுக்கும் துண்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்து, அதே உயரத்தில் அக்ரிலிக்கில் ஒரு கேஜ் வெட்டிக்கொள்ளுங்கள். அடுத்த படிக்கு அது வேண்டும்.

படி 5: ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு உயரம்

ஒரே இடத்தில் ஐந்து முறை ஆட்டோஃபோக்கஸ் கொடுத்து இடைவெளியை அளந்து எழுதுங்கள். எண்கள் அலைந்தால் இசட் மோட்டாரின் கப்ளிங்கிலும் புல்லியிலும் உள்ள கிரப் ஸ்க்ரூவை (தலையில்லாத சிறு திருகு) இறுக்குங்கள், பெல்ட் தொய்வைப் பாருங்கள். எண்கள் நிலையாக இருந்து, பெட்டின் ஒரு மூலையில் மட்டும் வேலை மங்கினால், கேஜை நான்கு மூலையிலும் வைத்துப் பாருங்கள். நான்கு லீட் ஸ்க்ரூவையும் (பெட்டை ஏற்றி இறக்கும் நீளத் திருகுகள்) ஒரே பெல்ட் சுற்றும் பெட்டில், ஒரு புல்லியில் பெல்ட் ஒரு பல் தாண்டினாலே அந்த மூலை தாழ்ந்துவிடும். பெல்ட்டைத் தளர்த்தி, அந்த ஸ்க்ரூவை மட்டும் கையால் திருப்பிச் சமன் செய்து, மறுபடி இறுக்குங்கள்.

பவர் போட்டதும் இசட் அச்சு தானாக ஹோம் (தொடக்க நிலை) போகும் அமைப்பு சில எந்திரங்களில் இயங்கிக்கொண்டிருக்கும். ஹெட் மூலையில் நிற்கும்போது பேனாவுக்குக் கீழே பெட்டின் சட்டம் வரவில்லையென்றால், காலையில் சுவிட்சைப் போட்ட உடனே பெட் ஏறி ஹெட்டை இடிக்கும். உங்கள் எந்திரத்தில் அப்படி இருந்தால் இசட் ஹோமிங்கை அணைத்துவிடுங்கள்; ஆட்டோஃபோக்கஸைத் தேவைப்படும்போது பேனலிலிருந்து கொடுத்தால் போதும்.