மதுரையில் சாப்பிட்டுச் சுற்றும்போது நாம் செய்யும் தவறுகள்

மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவர்களில் பலர்கூட இந்த ஊரைச் சரியாகச் சாப்பிட்டுப் பார்த்ததில்லை. வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் அழைத்துப்போக மூன்று நான்கு கடைகளை மனதில் வைத்திருப்போம். கோயில், மகால், ஜிகர்தண்டா, ஒரு மெஸ், அப்புறம் வீடு. அடுத்த முறை வேறு சொந்தக்காரர்கள் வந்தாலும் அதே சுற்றுதான். மற்ற நாட்களில் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு ஹோட்டல், இல்லாவிட்டால் செல்போனில் ஆர்டர். வேலைக்காக மதுரைக்குக் குடிவந்தவர்களும் கொஞ்ச நாளில் இதே வழக்கத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

இந்த ஊரில் ஒவ்வொரு பலகாரத்துக்கும் ஒரு நேரம் உண்டு. அந்த நேரத்துக்கு ஒரு தெரு உண்டு, அந்தத் தெருவில் ஒரு தொழில் உண்டு, அந்தத் தொழில் பார்ப்பவர்களுக்குப் பசிக்கும்போதுதான் கடையில் அடுப்பு எரிகிறது. இதைக் கவனிக்காமல் கடைப் பெயரை மட்டும் பட்டியல் போட்டுக்கொண்டு அலைவதால்தான் முக்கால்வாசித் தவறுகள் நடக்கின்றன.

எந்நேரமும் எல்லாம் கிடைக்கும் என்று நம்புவது

தூங்கா நகரம் என்ற பெயரை வைத்து, எந்தக் கடையும் எந்நேரமும் திறந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் கடைகள் ஷிப்டு மாதிரி மாறி மாறித் திறக்கின்றன. விடிவதற்கு முன்பே மாட்டுத்தாவணியில் பூச்சந்தையும் காய்கறிச் சந்தையும் பரபரப்பாகிவிடும். மூட்டை இறக்குபவர்கள், பூ வாங்க வந்த சில்லறை வியாபாரிகள், லாரி ஓட்டி வந்தவர்கள் எல்லாருக்கும் அந்த நேரத்தில் சுடச்சுட இட்லியும் டீயும் வேண்டும். அதனால் அந்தப் பக்கத்துக் கடைகளில் மற்ற ஏரியாக்களுக்கு முன்பே ஆவி பறக்கும். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை எல்லாரும் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் அந்த மல்லி மூட்டையாக வந்து இறங்கி, எடை போட்டு, முகூர்த்த நாளில் ஒரு விலைக்கும் சாதாரண நாளில் ஒரு விலைக்கும் கைமாறுவதை நேரில் பார்த்த மதுரைக்காரர்கள் எத்தனை பேர்? ஒரு நாள் அலாரம் வைத்து எழுந்து அங்கே போய், இட்லி சாப்பிட்டுவிட்டு, பூ வாங்கிக்கொண்டு வாருங்கள்.

மதியம் என்றால் மெஸ். பிற்பகலில் டிபன். மேல சித்திரை வீதி கோபு ஐயங்கார் கடையின் வெள்ளையப்பத்தையும் மிளகாய்ச் சட்னியையும் தேடிக் காலை பத்து மணிக்குப் போய் நிற்பதில் அர்த்தமில்லை. பொழுது சாய்ந்த பிறகுதான் பரோட்டாக் கல் சூடேறும். மதியம் ஒரு மணிக்குப் பரோட்டா கேட்டால் சில இடங்களில் கிடைக்கலாம். ஆனால் கல்லிலிருந்து எடுத்த பரோட்டாவை நாலைந்தாக அடுக்கி, இரண்டு கையாலும் பக்கவாட்டில் தட்டி, அடுக்கடுக்காகப் பிரியவிட்டு இலையில் போடும் பக்குவம் ராத்திரிக் கடையில்தான் இருக்கும். அங்கே ஒரு மாஸ்டர் மாவை வீசிக்கொண்டே இருப்பார், இன்னொருவர் கொத்துப் பரோட்டா கொத்திக்கொண்டே இருப்பார், சால்னா அடுப்பை விட்டு இறங்கவே இறங்காது. கூட்டம் இருந்தால்தான் பரோட்டா ஆறாமல் வரும்.

கோயிலை ஒட்டித் திட்டம் போடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மதியம் 12.30 மணி வாக்கில் நடை சாத்தினால் மறுபடி திறக்க 4 மணி ஆகிவிடும். 'முதலில் சாப்பாடு, அப்புறம் சாமி' என்று கிளம்பி, வெயிலில் கல் தரையில் நிற்கும் குடும்பங்களை அடிக்கடி பார்க்கலாம்.

நாலு மாசி வீதிக்குள் காரில் போவது

பழைய மதுரை கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக விரிந்த ஊர். உள்ளே ஆடி வீதி, அடுத்தது சித்திரை வீதி, பிறகு ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியாக வெளி வீதி. இந்த வரிசை தெரிந்தால் வழி தப்பவே மாட்டீர்கள். ஆனால் காரில் போனால் எதுவும் தெரியாது. வண்டி நிறுத்த இடம் தேடியே பசி போய்விடும். வெளி வீதிப் பக்கம் வண்டியை விட்டுவிட்டு நடப்பதுதான் சரி.

நடந்தால் தொழில் தெரியும். தெற்கு ஆவணி மூல வீதியில் நகைக்கடைகள். கீழமாசி வீதியில் மொத்த மளிகை. மிளகாய் வற்றல் நெடி மூக்கில் ஏறினால் அங்கே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். விளக்குத்தூண் பக்கம் ஜவுளி. மகாலைச் சுற்றிய தெருக்களில் தலைமுறை தலைமுறையாகப் பட்டு நெய்த சௌராஷ்டிரர் வீடுகள். சாயங்காலம் அந்தத் தெருக்களில் முள்முருங்கை இலையை அரிசியோடு அரைத்துத் தட்டி எண்ணெயில் பொரித்த பச்சை நிற வடை விற்பார்கள். மேலே மிளகுப்பொடி தூவித் தருவார்கள். சளி பிடித்தவர்களுக்கு இதுதான் மருந்து என்று பெரியவர்கள் வாங்கிப் போவார்கள். போர்டு இருக்காது, செல்போன் வரைபடத்திலும் வராது, ஒரு அடுப்பும் ஒரு வாணலியும்தான் கடை. தெருவுக்குள் நடக்காதவருக்கு இது கிடைக்கவே கிடைக்காது.

மேலமாசி வீதியில் ஒரு மாடி வீடு இருக்கிறது. 1921 செப்டம்பரில் காந்தி சட்டையையும் தொப்பியையும் விட்டு அரையாடைக்கு மாறியது அந்த வீட்டில்தான். அதன் வாசல் வழியாகத் தினமும் போகும் ஆயிரக்கணக்கான பேரில் நிமிர்ந்து பார்ப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒரு டீயைக் குடித்துவிட்டு இரண்டு நிமிடம் எட்டிப் பார்க்கலாம்.

மெஸ்ஸில் தட்டைப் பார்த்து மயங்குவது

அசைவ மெஸ்ஸில் புதிதாக வருபவர்கள் செய்யும் தவறு எல்லாருக்கும் ஒன்றுதான். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, சாதம் வருவதற்குள் பரிமாறுபவர் ஒரு பெரிய தட்டோடு வந்து நிற்பார். சுக்கா, கோலா உருண்டை, ஈரல், குடல், மூளை, நாட்டுக்கோழி, மீன் வறுவல் எல்லாம் சின்னச் சின்னக் கிண்ணத்தில் ஆவி பறக்க இருக்கும். பசியில் இருப்பவர் 'அது வைங்க, இதுவும் வைங்க' என்று கை காட்டிவிடுவார். சாப்பாட்டு விலையை மட்டும் போர்டில் பார்த்து உள்ளே வந்தவருக்கு பில் வந்த பிறகுதான் விஷயம் புரியும். தட்டில் இருப்பது எல்லாமே தனி விலை. அயிரை மீன் குழம்பு மாதிரி சிலதுக்கு விலை நன்றாகவே இருக்கும். உயிரோடு பிடித்து, மண் போக உரசிக் கழுவ வேண்டிய பொடி மீன் அது. விலையில் நியாயம் இருக்கிறது. அதற்காகக் கேட்காமல் வாங்க வேண்டியதில்லை. 'அண்ணே, இது எவ்வளவு?' என்று கேட்பதில் ஒரு கௌரவக் குறைச்சலும் கிடையாது. தினமும் வருபவர்கள் கேட்டுத்தான் வாங்குகிறார்கள்.

அடுத்த தவறு, முதல் குழம்பிலேயே வயிற்றை நிரப்புவது. சாப்பாட்டோடு சேர்ந்தே ஆட்டுக்கறிக் குழம்பு, கோழிக் குழம்பு, மீன் குழம்பு என்று வரிசையாக வரும். பிறகு ரசம், மோர். கொஞ்சம் கொஞ்சமாகச் சாதம் வாங்கி ஒவ்வொன்றுக்கும் இடம் விட்டுச் சாப்பிடுங்கள். ஒரே மலையாகச் சாதத்தைக் குவித்து எல்லாக் குழம்பையும் கலந்துவிட்டால் எதன் ருசியும் தெரியாது.

உச்சி வேளையில் அந்த மேசை உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. எதிரில் முன்பின் தெரியாதவர் வந்து உட்காருவார். முதுகுக்குப் பின்னால் அடுத்த ஆள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வெளியூர்க்காரர்கள் சிலர் இதற்குக் கோபப்படுகிறார்கள். பக்கத்துக் கடையில் மூட்டை தூக்கிவிட்டு அரை மணி நேர இடைவேளையில் சாப்பிட வந்தவராக அவர் இருக்கலாம். உட்கார்ந்து பேச வேண்டுமென்றால் இரண்டரை மணிக்கு மேல் போங்கள். ஆனால் அந்நேரம் குடலும் மூளையும் தீர்ந்திருக்கும், அதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

கறி தோசையைப் பார்சல் வாங்குவது

சிம்மக்கல் கோனார் மெஸ்ஸால் பெயர் பெற்ற பலகாரம் இது. இப்போது ஊர் முழுக்கப் போடுகிறார்கள். தோசை என்ற பெயரைக் கேட்டு மெல்லிசாக முறுகலாக இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கல்லில் முதலில் மாவை ஊத்தப்பம் கனத்துக்கு ஊற்றுவார்கள். அது பாதி வேகும்போது மேலே முட்டையை ஊற்றிப் பரப்புவார்கள். முட்டை இறுகுவதற்குள், ஏற்கெனவே மசாலாவில் வெந்த கொத்துக்கறியை அள்ளி வைத்து அழுத்திவிட்டு, ஓரத்தில் எண்ணெய் விட்டுத் திருப்பிப் போடுவார்கள். கறி கல்லில் நேராகப் பட்டுக் கருகும் அந்த ஓரம்தான் இதில் ருசியே. அடியில் மெத்தென்று, நடுவில் முட்டை, மேலே மொறுமொறுவென்று கறி.

இதைப் பொட்டலம் கட்டிப் பத்து நிமிடம் ஸ்கூட்டரில் தொங்கவிட்டால் மொறுமொறுப்பெல்லாம் ஆவியில் நமுத்துப்போகும். அப்புறம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு 'பெருசா ஒண்ணும் இல்லையே' என்பார்கள். கடையில் நின்றாவது சாப்பிடுங்கள். ஒரு ஆளுக்கு ஒன்று என்று சொல்லாமல், இரண்டு பேருக்கு ஒன்று சொல்லிப் பாருங்கள். முழுசாக ஒன்று சாப்பிட்டால் அன்றைக்கு வேறு எதுவும் இறங்காது.

ஜிகர்தண்டாவிலும் இதே கதைதான். மெஸ்ஸில் மூச்சுமுட்டச் சாப்பிட்டுவிட்டு நேராக விளக்குத்தூணுக்குப் போகக் கூடாது. சுண்டக் காய்ச்சிய பால், ஊறிய பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். அதுவே ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சமம். வெயில் நேரத்தில் வெறும் வயிற்றோடு, சின்ன டம்ளர் சொல்லிக் குடித்தால்தான் அதன் குளிர்ச்சி தெரியும்.

ஜிகர்தண்டாவுக்கு வரிசையில் நிற்பவர்கள் பருத்திப்பால் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டி, பிழிந்து பாலெடுத்து, கொஞ்சம் அரிசி மாவு சேர்த்துக் காய்ச்சி, கருப்பட்டியோ வெல்லமோ கரைத்து விட்டு, சுக்கும் ஏலக்காயும் தட்டிப்போட்டு, தேங்காய்த் துருவல் தூவித் தருவார்கள். தொண்டையில் கதகதவென்று இறங்கும். வயிறும் நிறையும். இவ்வளவு வேலையும் பருத்திப்பால்காரர் வண்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு வருவதற்கு முன்பே வீட்டில் முடிந்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இதைப் பழக்காவிட்டால் அடுத்த தலைமுறையில் வாங்க ஆள் இருக்காது, வாங்க ஆள் இல்லாவிட்டால் வண்டியும் வராது.

பழைய பட்டியலை நம்புவது

யாரோ எப்போதோ எழுதியதை, பேசியதை வைத்துக்கொண்டு போவார்கள். கடை இடம் மாறியிருக்கும், மாஸ்டர் மாறியிருப்பார். புதுமண்டபத்தில் தையல்காரர்களும் புத்தகக் கடைகளும் பாத்திரக் கடைகளும் இருந்ததை வைத்து இன்றும் ஆட்கள் அங்கே போய்த் தேடுகிறார்கள். அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. அழகர் திருவிழாவுக்கு வேஷம் கட்டுபவர்களுக்கான உடுப்பு தைப்பவர்களை இப்போது அங்கேதான் தேட வேண்டும்.

ஆட்டோக்காரரிடமோ கடைக்காரரிடமோ 'இங்க எது நல்ல ஹோட்டல்?' என்று கேட்டால், உங்கள் சட்டையைப் பார்த்து ஒரு பெரிய ஹோட்டலைச் சொல்வார். 'நீங்க எங்கண்ணே சாப்பிடுவீங்க?' என்று கேளுங்கள். பதில் வேறு மாதிரி வரும். பெரும்பாலும் விலையும் பாதியாக இருக்கும்.

போட்டோ, ரீல்ஸ் எடுப்பதைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். உணவை எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள். ஆனால் பரிமாறும் அக்காவின் முகத்தையோ, இலையில் குனிந்து சாப்பிடுபவரையோ கேட்காமல் எடுக்காதீர்கள். மதியக் கூட்டத்தில் வழியை மறித்துக்கொண்டு ஒரே கோலா உருண்டையை நாலு தடவை பிய்த்துக் காட்டினால், பின்னால் நிற்பவரின் சாப்பாட்டு நேரம்தான் போகும்.

பார்சல் வாங்கப் போகிறவர்கள் வீட்டிலிருந்து தூக்குச்சட்டியோ டிபன் கேரியரோ கொண்டுபோகலாம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. இருந்தும் கொதிக்கக் கொதிக்கச் சால்னாவை மெல்லிய பையில் கட்டித் தருவதை இன்னும் பார்க்கிறோம். பாத்திரத்தை நீட்டினால் எந்தக் கடையிலும் மறுப்பதில்லை. கை கொஞ்சம் தாராளமாகவே ஊற்றுகிறது.

கடைசியாக, நாள் பார்ப்பது. திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, காந்தி ஜெயந்தி ஆகிய நாட்களில் அரசு உத்தரவுப்படி இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும். அன்றைக்கு ஆட்டுக்கறி சாப்பிடவென்று திண்டுக்கல்லிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் கிளம்பி வர வேண்டாம். புரட்டாசியிலும், ஐயப்பனுக்கு மாலை போடும் கார்த்திகை, மார்கழியிலும் அசைவக் கடைகளில் கூட்டம் குறையும். இடம் கிடைக்காமல் திரும்பியவர்கள் அப்போது போகலாம். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் ஹோட்டலே தேடாதீர்கள். தெருவுக்குத் தெரு பந்தல் போட்டு நீர்மோர், பானகம், புளியோதரை, தக்காளிச் சாதம் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். கூச்சப்படாமல் கை நீட்டி வாங்குங்கள். வாங்கினால்தான் கொடுப்பவருக்கும் திருப்தி. தல்லாகுளத்திலிருந்து கோரிப்பாளையம் வழியாக வைகைக் கரை வரை நடந்தால், போகப் போக வயிறு நிறைந்துவிடும்.