ஸ்டென்ட் வைத்த பிறகு தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். எனக்கும் மாரடைப்பு வந்து, அடைத்த இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்க ஸ்டென்ட் வைத்து, வருடங்கள் ஓடிவிட்டன. காலையில் ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் நடக்கும்போதும் சரி, கடையில் சீட்டை வாங்கிப் பார்க்கும்போதும் சரி, புதிதாக ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். கையில் புது வாட்ச், பையில் ஓட்ஸ், போனில் யாரோ அனுப்பிய வைத்தியக் குறிப்பு. நானும் அதே வழியில் வந்தவன்தான். இந்த ஆர்வத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எல்லோரும் அதே பழைய இடங்களில் சறுக்கி விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

சிகரெட்டை விடுங்கள், பரோட்டாவைக் குறையுங்கள் என்றெல்லாம் எழுதப்போவதில்லை. அதை டிஸ்சார்ஜ் அன்றே சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். கேட்பதும் கேட்காததும் அவரவர் பாடு.

மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாறு குடிப்பது

அந்தச் சாறு உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். எலுமிச்சைச் சாறு, இஞ்சிச் சாறு, பூண்டுச் சாறு, ஆப்பிள் சைடர் வினிகர், ஒவ்வொன்றிலும் ஒரு கப். வற்றக் காய்ச்சி, ஆறியதும் தேன் கலந்து, தினமும் வெறும் வயிற்றில் ஒரு ஸ்பூன். இதயத்தில் உள்ள அடைப்பெல்லாம் கரைந்துவிடும் என்று கடைசியில் ஒரு வரி இருக்கும்.

என் கடைக்கு வாடிக்கையாக வரும் ஒருவர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், என்னைவிட மூத்தவர். இதயத்தின் முன்பக்கம் இறங்கும் பெரிய ரத்தக்குழாயில் அவருக்கு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். நாலைந்து மாதத்தில் தொப்பை குறைந்து, நடையில் வேகம் கூடி, முகமே தெளிந்துவிட்டது. ஒருநாள் சீட்டை நீட்டி, “பிபி மாத்திரை மட்டும் குடுங்க தம்பி. கொழுப்பு மாத்திரையும் அந்த ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரையும் வேணாம்” என்றார்.

“ஏண்ணே, டாக்டர் நிறுத்தச் சொன்னாரா?”

“அவரு எதுக்குச் சொல்லப்போறாரு? ரிப்போர்ட்டப் பாருங்க, எல்டிஎல் 62. எல்லாம் நார்மலுக்கு வந்துருச்சு. சாறு குடிக்கிறேன்ல.”

எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு 62-க்கு வந்ததற்குக் காரணமே அவர் வேண்டாம் என்று சொன்ன மாத்திரைதான். அடோர்வாஸ்டாடின், ரோசுவாஸ்டாடின் போன்ற ஸ்டாடின் வகை மாத்திரைகள் கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிப்பதை மட்டுப்படுத்தி, ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லைக் கல்லீரலே இழுத்துக்கொள்ளும்படி செய்கின்றன. மாரடைப்புக்குப் பிறகு கொடுக்கும் அளவில் எல்டிஎல் ஏறத்தாழ பாதியாகக் குறையும். வாயைக் கட்டி மட்டும் அந்த அளவுக்கு இறக்குவது மிகவும் அபூர்வம். நிறுத்தினால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே போய் நிற்கும். மழைத்தண்ணீர் புகுந்த வீட்டில் மோட்டார் போட்டு இறைத்து, தரை காய்ந்ததும் மழை நிற்பதற்குள் மோட்டாரைக் கழற்றி விற்கிற கதை இது. இன்னொன்று, ரிப்போர்ட்டில் அச்சாகியிருக்கும் ‘நார்மல்’ பொதுமக்களுக்கு. மாரடைப்பு வந்தவருக்கு எல்டிஎல் 70-க்குக் கீழே இருக்க வேண்டும். இப்போது பல மருத்துவர்கள் 55-க்குக் கீழே கேட்கிறார்கள்.

கொழுப்பு மாத்திரையை நிறுத்தினால் கெடுதல் மெதுவாக வரும். மற்றதை நிறுத்தினால் மெதுவாக வராது. ஸ்டென்ட் என்பது உலோக வலை. ரத்தக்குழாயின் உள்தோல் அதன்மேல் வளர்ந்து மூடும்வரை ரத்தத்துக்கு அது அந்நியப் பொருள். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் அதன்மேல் ஒட்டிக் கட்டியாகப் பார்க்கும். மறுபடி அடைக்காமல் இருக்க ஸ்டென்ட்டின் மேல் பூசியிருக்கும் மருந்து, இந்தத் தோல் வளர்வதையும் தாமதப்படுத்துகிறது. அதனால்தான் மாரடைப்புக்காக ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரினோடு க்ளோபிடோக்ரெல், டிகாக்ரெலார், பிராசுக்ரெல் மூன்றில் ஒன்றையும் சேர்த்து வழக்கமாக ஒரு வருடம் எழுதுகிறார்கள். அதன்பிறகு பெரும்பாலும் ஒன்று மட்டும் ஆயுளுக்கும் தொடரும். ரத்தக்கசிவு ஆபத்து உள்ளவருக்கு முன்னதாகவே குறைப்பதும் உண்டு. ஆனால் அதைக் கணக்குப் போட்டு முடிவெடுக்க வேண்டியவர் மருத்துவர்.

“ஒரு வாரம் நிறுத்திப் பார்த்தேன், ஒண்ணும் ஆகலையே” என்று சொல்கிறவர்கள் நிறைய. ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் ஒரு தட்டணுவை அதன் ஆயுள் முழுக்கச் செயலிழக்க வைக்கும். தட்டணுவின் ஆயுள் 7 முதல் 10 நாள். மாத்திரையை விட்டபின் தினமும் புதுத் தட்டணுக்கள் வந்துகொண்டே இருக்கும். ஒரு வாரம் தாண்டும்போதுதான் பாதுகாப்பு ஏறக்குறைய முழுதாகப் போயிருக்கும். டிகாக்ரெலார் என்றால் இன்னும் சீக்கிரம். அதாவது இவர் ‘ஒண்ணும் ஆகலை’ என்று தைரியமாகும் நாள்தான் ஆபத்து ஆரம்பிக்கும் நாள்.

கண்டக்டர் அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். அடுத்த மாதம் அவர் மகன் வந்தார், கையில் புதுச் சீட்டு. ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து இரண்டாவது அட்டாக். நடுராத்திரி மறுபடி ஆஞ்சியோ. முதல் தடவை எக்கோ ஸ்கேனில் இதயத்தின் பம்பிங் திறன் 50% இருந்தது, இப்போது 35%. ஆள் இருக்கிறார். ஆனால் மாடி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறார். அந்த நடையும் போய்விட்டது.

எனக்குக் கோபம் அவர்மேல் இல்லை. “எல்லாம் மருந்துக் கம்பெனி சதி” என்று வீடியோ போட்டுவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறவர்கள்மேல்தான். ஆஸ்பிரின் அட்டை ஒரு டீயைவிடக் குறைந்த விலை. அதை விற்று நான் வீடு கட்ட முடியாது. சதி செய்வதானால் நான் ஆப்பிள் சைடர் வினிகரைத்தான் பரிந்துரைக்க வேண்டும்; ஒரு பாட்டிலில் கிடைக்கும் லாபம் எத்தனையோ அட்டை ஆஸ்பிரினில் கிடைக்காது. விலைதான் பிரச்சினை என்றால் மக்கள் மருந்தகத்தில் அதே மருந்து குறைந்த விலையில் இருக்கிறது. என் கடையில் வாங்காவிட்டாலும் பரவாயில்லை, அங்கே போய் வாங்குங்கள்.

நிறுத்துவதற்கு வேறு காரணங்களும் சொல்வார்கள். பல் பிடுங்க வேண்டும் என்று தாமாகவே நாலு நாள் முன்னால் நிறுத்துவது ஒன்று. பெரும்பாலான பல் பிடுங்கலுக்கு நிறுத்தவே வேண்டாம். பல் மருத்துவர் ரத்தத்தை அங்கேயே கட்டுப்படுத்திக்கொள்வார். ஸ்டென்ட் வைத்திருப்பதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிட்டு, இதய மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். டிகாக்ரெலார் சிலருக்கு மூச்சு வாங்குகிற உணர்வைத் தரும். இதயம் மோசமாகிவிட்டதென்று பயந்து விட்டுவிடுவார்கள். போய்ச் சொன்னால் பரிசோதித்துப் பார்த்து, தேவைப்பட்டால் வேறு மாத்திரைக்கு மாற்றித் தருவார்கள்.

கொழுப்பு மாத்திரையால் உடம்பு வலி என்பது அடுத்த புகார். உண்மையான தசை வலி சிலருக்கு வருவது உண்டு. தசை பாதிப்பைக் காட்டும் சிபிகே டெஸ்ட் எடுத்து, அளவையோ மருந்தையோ மாற்றிவிடலாம். ஆனால் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஒரு ஆய்வு செய்தார்கள், 2020-இல் வெளியானது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாடினை விட்ட 60 பேருக்குச் சில மாதம் ஸ்டாடின், சில மாதம் வெறும் போலி மாத்திரை, சில மாதம் எதுவுமில்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டாடின் சாப்பிட்டபோது வந்த தொந்தரவில் 90% போலி மாத்திரை சாப்பிட்ட மாதங்களிலும் வந்தது. முடிவைக் காட்டியபின் பாதிப்பேர் மாத்திரைக்குத் திரும்பிவிட்டார்கள். வலி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. வலிக்குக் காரணம் அந்த மாத்திரைதானா என்பது நாம் நினைப்பதுபோல் அவ்வளவு நிச்சயமில்லை.

பூண்டு ரசம் வையுங்கள், இஞ்சித் துவையல் அரையுங்கள். மருதம்பட்டைக் கஷாயம் குடிக்க ஆசையா, மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். மாத்திரைக்குப் பதிலாக மட்டும் எதையும் குடிக்காதீர்கள்.

சப்ளிமென்ட் டப்பாக்கள்

“ஒமேகா 3 எது நல்ல பிராண்ட்?” என்பதுதான் புதியவரின் முதல் கேள்வி. 1999-இல் இத்தாலியில் வந்த ஜிஸ்ஸி ஆய்வில், மாரடைப்பு வந்தவர்களுக்குத் தினம் 1 கிராம் கொடுத்ததில் பலன் தெரிந்தது. அதை வைத்துத்தான் இன்னும் விற்கிறோம். ஸ்டாடின் பரவலான பிறகு நடந்த ஆய்வுகளில் அந்த 1 கிராம் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. 2018-இல் ஒரு ஆய்வில் தெளிவான பலன் தெரிந்தது; ஆனால் அது ஒமேகா 3 வகைகளில் ஒன்றான இபிஏ மட்டும், சுத்திகரித்தது, தினம் 4 கிராம், அதுவும் ஸ்டாடினோடு சேர்த்து, ட்ரைகிளிசரைடு அதிகம் உள்ளவர்களுக்கு. அதிக அளவில் எடுத்தவர்களுக்கு இதயத்துடிப்பு தாறுமாறாவது கூடியதும் அதே ஆய்வில் தெரிந்தது. அந்தக் காசுக்கு மத்தியோ அயிலையோ வாங்கி, பொரிக்காமல் குழம்பு வைக்கலாம்.

வைட்டமின் ஈ: 2000-இல் வெளியான ஹோப் ஆய்வில் பலன் இல்லை. தொடர்ந்து கவனித்ததில் இதயச் செயலிழப்புதான் கொஞ்சம் கூடியிருந்தது. கோ-க்யூ 10: விலையைப் பார்த்தால் எனக்கே வலிக்கிறது. மஞ்சள் கேப்சூல்: குழம்பில் போடும் மஞ்சளும் இதுவும் அளவில் வேறு வேறு, கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

இந்துப்பு, லோ சோடியம் உப்பு

இந்துப்பும் சோடியம் குளோரைடுதான். நிறம் வேறு, விலை வேறு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன்கூட முழுதாக இல்லை. ஊறுகாயும் மோர் மிளகாயும் அப்பளமும் கருவாடும் அந்தக் கணக்கில்தான் வரும்.

லோ சோடியம் உப்பில் வேறு பிரச்சினை. அதில் சோடியத்தின் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் சேர்க்கிறார்கள். ராமிப்ரில், டெல்மிசார்டான், ஸ்பைரனோலாக்டோன் போன்ற பிபி, இதய மாத்திரைகள் ஏற்கெனவே உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும். கூடவே சர்க்கரையால் சிறுநீரகம் தளர்ந்திருந்தால், பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பே தடம் புரளலாம். உங்கள் சீட்டில் இந்தப் பெயர்கள் இருந்தால், ரத்தப் பரிசோதனை பார்க்காமல் இந்த உப்புக்கு மாறாதீர்கள். பொட்டாசியம் உள்ள இளநீரைத் தினமும் குடிப்பதற்கும் இதுவே.

செக்கு எண்ணெய் என்றால் அளவில்லை

செக்கில் ஆட்டினாலும் எண்ணெய் எண்ணெய்தான். ஆளுக்கு மாதம் அரை லிட்டர்.

பேலியோ

அரிசி, சர்க்கரையை விட்டுக் கறி, முட்டை, கொழுப்பு என்று சாப்பிடும் முறை. எடை குறையும். சிலருக்கு எல்டிஎல் எக்கச்சக்கமாக ஏறும். மாரடைப்பு வந்தவர் சோதனை செய்து பார்க்க வேண்டிய விஷயம் இது கிடையாது.

வாட்ச்சைப் பார்த்து நடப்பது

220-இலிருந்து வயதைக் கழித்து, அதில் இத்தனை சதவீதத் துடிப்பு வரவேண்டும் என்று வாட்ச் சொல்லும். மெட்டோப்ரோலால் மாதிரி பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. துடிப்பைக் கட்டுப்படுத்துவதற்குத்தான் அந்த மாத்திரையே. துடிப்பு ஏறவில்லையே என்று இன்னும் வேகமாக நடந்து, மயக்கம் வந்து பெஞ்சில் படுத்தவர்கள் உண்டு. நடக்கும்போது பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும். ஒரு வாக்கியம் முடிக்குமுன் மூச்சு திணறினால் வேகம் அதிகம்.

இன்னொன்று தூரம். அரசின் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் 8 கிலோமீட்டர் பாதை போட்டிருக்கிறார்கள். நல்ல திட்டம்தான், ஆனால் போன வாரம் வீட்டுக்கு வந்தவருக்கு அது இல்லை. சமதரையில் ஐந்து, பத்து நிமிடத்தில் ஆரம்பித்து, வாரா வாரம் கூட்டி, அரை மணி நேரத்துக்குக் கொண்டுவந்தால் போதும். சாப்பிட்ட கையோடு நடக்க வேண்டாம். மூச்சைப் பிடித்து எடை தூக்க வேண்டாம். பைபாஸ் செய்தவர்கள், நெஞ்செலும்பு கூடும்வரை தண்ணீர்க் குடத்தைக்கூடத் தொடாதீர்கள். உங்கள் ஆஸ்பத்திரியில் இதய மறுவாழ்வுப் பயிற்சி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் தவறாமல் போங்கள்.

ஆண்மை லேகியம்

வேண்டவே வேண்டாம். ‘மூலிகை’ என்று விற்பவற்றில் சில்டெனாபில், அதாவது வயாக்ராவில் உள்ள மருந்து, கலந்து பிடிபட்டவை உண்டு. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட்டோடு அது சேர்ந்தால் பிபி அதலபாதாளத்துக்குப் போகும். தயக்கமில்லாமல் மருத்துவரிடமே கேளுங்கள்.

வாயு என்று நினைப்பது

இரண்டாவது தடவை வரும் வலி முதல் தடவை மாதிரியே இருக்கும் என்பதில்லை. தாடையில் வரலாம், தோளில் வரலாம், வெறும் வியர்வையும் நெஞ்செரிச்சலுமாக வரலாம். ஓம வாட்டர் குடித்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சார்பிட்ரேட் எழுதிக் கொடுத்திருந்தால், முதலில் உட்காருங்கள், அப்புறம் நாக்கின் அடியில் வையுங்கள். நின்றுகொண்டு வைத்தால் தலைசுற்றி விழ நேரிடும். ஐந்து நிமிடத்தில் குறையவில்லை என்றால் 108. கிராமத்தில் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையம். ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் 2023 முதல் அங்கேயே முதல் டோஸ் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். மாத்திரைச் சீட்டையும் ஆஞ்சியோ ரிப்போர்ட்டையும் போட்டோ எடுத்து உங்கள் போனிலும் வீட்டில் இன்னொருவர் போனிலும் வைத்திருங்கள். ஆம்புலன்ஸில் வருகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.