வெளிவேலைக்கு ஒரு கத்தி: கார்பனா, ஸ்டெயின்லெஸா?

கொழும்பில் கத்திக்கு முதல் எதிரி கடலின் உப்புக் காற்றுதான். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் இருப்பவர்கள் தங்கள் ஜன்னல் கம்பியில் பிடித்த கறளைப் பார்த்தாலே விளங்கும். ஆகவே கடைக்குப் போகமுன் கொஞ்சம் யோசித்துவிட்டுப் போவோம்.

படி 1: என்ன வேலை?
கொப்பு வெட்ட, இளநீர் சீவ, விறகு பிளக்க என்றால் கார்பன் ஸ்டீல். அடி தாங்கும், கூர் மழுங்கினாலும் சீக்கிரம் தீட்டலாம். லொறி ஸ்பிரிங் பட்டையில் கொல்லர் அடிக்கும் காட்டுக்கத்தி இந்த வகைதான். மீன், கயிறு, கடற்கரை, படகு என்றால் யோசிக்கவே வேண்டாம், ஸ்டெயின்லெஸ்.

படி 2: பெயரை விளங்கிக்கொள்ளுங்கள்
இரண்டிலும் கார்பன் உண்டு. வித்தியாசம் குரோமியம் என்ற உலோகத்தில். ஸ்டெயின்லெஸ் என்று சொல்லக் குறைந்தது 10.5% குரோமியம் வேண்டும். அது ஒட்சிசனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாகி இரும்பை மூடிக்கொள்கிறது. கீறல் விழுந்தாலும் படலம் தானாகவே மறுபடி உருவாகும். ஆனால் உப்புத் தண்ணீர் காய்ந்து அப்படியே கிடந்தால் ஸ்டெயின்லெஸிலும் கறள் புள்ளி விழும்.

கத்தியின் அலகில் 1095 என்று பொறித்திருந்தால் அது ஏறக்குறைய 0.95% கார்பன் உள்ள சாதாரண கார்பன் ஸ்டீல். 12C27 என்றால் 0.6% கார்பன், 13.5% குரோமியம் அளவில் உள்ள ஸ்டெயின்லெஸ். புதியவர்கள் கையால் தீட்டவும் இலகுவானது.

படி 3: எது எது என்று கண்டுபிடிப்பது
காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். அது உதவாது, கத்திக்குப் பாவிக்கும் ஸ்டெயின்லெஸ் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டும். வீட்டில் கிடக்கும் பழைய கத்தியைச் சவுக்காரம் போட்டுக் கழுவித் துடைத்து, ஒரு துளி தேசிக்காய்ப் புளி விட்டு, பத்து நிமிடம் வையுங்கள். துளி இருந்த இடம் வட்டமாகச் சாம்பல் நிறமானால் கார்பன். அந்தச் சாம்பல் நிறத்தைத் தேய்த்துப் போக்க வேண்டாம், கறளைக் கொஞ்சம் தடுக்கும். விரலில் ஒட்டும் செம்மஞ்சள் பொடிதான் கறள். அதை மட்டும் அகற்றுங்கள்.

படி 4: தீட்டுவது
கத்தியைக் கல்லில் நேராக நிறுத்தினால் 90 பாகை. பாதி சாய்த்தால் 45, அதிலும் பாதி ஏறக்குறைய 22. வெளிவேலைக்கு அது போதும். ஒரு பக்கம் தீட்டியபின் பெருவிரலை முதுகிலிருந்து கூருக்கு வெளியே மெதுவாக இழுத்துப் பாருங்கள். மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு நுனியிலிருந்து அடிவரை தட்டுப்பட வேண்டும். அப்புறம்தான் அடுத்த பக்கம்.

படி 5: பராமரிப்பு
கார்பன் என்றால் வேலை முடிந்த கையோடு கழுவி, துடைத்து, தேங்காய் எண்ணெய் பூசுங்கள். வாழைச் சாறும் பலாப்பாலும் பட்டிருந்தால் முதலில் எண்ணெயால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள்.

என்னுடைய எண்ணம் இதுதான்: கடலுக்குக் கிட்ட வீடு, முதல் கத்தி என்றால் ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். தினமும் துடைக்கும் பழக்கம் வந்தபின் கார்பன் எடுக்கலாம், அதன் கூர் உங்களைக் கவர்ந்துவிடும். எதை வாங்கினாலும் தோல் உறைக்குள்ளேயே போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பிள்ளைகளுக்கு எட்டாத அலுமாரியில், எண்ணெய் தடவிய துணியில் சுற்றி வையுங்கள்.